எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி

தமிழ்நாட்டில் புதிதாக ஒரு கல்வெட்டோ எழுத்து கீறிய பானை ஓடோ கிடைத்துவிட்டால் இரண்டு நாளைக்கு ஒரே கேள்வி ஓடும். எத்தனை வருஷம் பழசு? கி.மு. ஆறா, நாலா, இரண்டா? ஒரு நூற்றாண்டு கூடினால் கொண்டாட்டம், ஒன்று குறைந்தால் துரோகம். அந்த ஓட்டில் என்ன எழுதியிருக்கிறது, யார் எப்படி வாசித்தார்கள், வாசித்ததில் எந்த எழுத்து தெளிவு, எந்த எழுத்து ஊகம் என்று கேட்கிற ஆள் கிடையாது. படத்தைக் காட்டுங்கள் என்று கேட்கிற ஆளும் கிடையாது. எனக்கு இதில் இரண்டு தரப்பின் மேலும் கோபம் உண்டு. தமிழின் தொன்மையை ஏலம் விடுகிறவர்கள் ஒரு தரப்பு. மைப்படிகளை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிறுவனங்கள் இன்னொரு தரப்பு. வெளியிலிருந்து பார்த்தால் பரம எதிரிகள் மாதிரி இருப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றுதான்: சாதாரண வாசகன் கண் கல்லின் மேல் படாமல் பார்த்துக்கொள்வது.

நான் இருப்பது பாச்சலூரில். ஒட்டன்சத்திரத்திலிருந்து பரப்பலாறு அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் வருகிற கீழ்ப்பழனி மலை ஊர். காப்பி, மிளகு, மலைவாழை. ஊர்க் கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. மலைக்கு வடக்கே, பழனிக்குப் பக்கத்து அடிவாரத்தில் பொருந்தல். தெற்கே இறங்கி வத்தலக்குண்டு தாண்டி வைகைப் பக்கம் போனால் புலிமான்கோம்பை. தமிழ் எழுத்தின் வயதைப் பற்றி இந்த இருபது ஆண்டுகளில் நடந்த சண்டைகளில் இந்த இரண்டு ஊர்ப் பெயரும் வராத சண்டை குறைவு. நடுவில் நாங்கள். எங்களுக்கு வாய்த்த பழங்கற்களில் எழுத்து இல்லை. தாண்டிக்குடிப் பக்கம் போனால் பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகள் இருக்கும். பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு ஏசுசபைப் பாதிரியார்கள் பழனி மலைக் கல்திட்டைகளை அளந்து எழுதிய அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. எழுத்தில்லாத கல்லுக்கு நடுவில் வாழ்கிறவனுக்கு எழுத்துள்ள கல்லின் அருமை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்தவை மூன்று நடுகற்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜனும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் தமிழி எழுத்து நமக்குப் பெரும்பாலும் சமணக் குகைகளிலும் பானை ஓடுகளிலும்தான் கிடைத்திருந்தது. ஒரு நடுகல்லில், மாடு பிடிக்கும் சண்டையில் செத்த ஒருவனுக்காக நட்ட கல்லில், அந்த எழுத்து வந்தது பெரிய விஷயம். ஒரு கல்லின் வாசகம்: கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள். அவ்வளவுதான். ஏழு சொல், வேற்றுமை உருபு ஒன்றுகூடக் கிடையாது. 'ஆகோள்' என்ற சொல் தொல்காப்பியத்தில் வருகிற அதே துறைச்சொல். இலக்கணப் புலவர்கள் சும்மா உட்கார்ந்து பெயர் வைக்கவில்லை, வைகைக் கரையில் ஒரு கல்தச்சனுக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது என்பதை அந்தக் கல் சொல்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிகிற இடம் இதுதான். ஆனால் பேடு என்பது ஊரா? கூடல் ஊர் என்பது அந்தவனின் ஊரா, மாடு பிடித்த ஊரா? தீயன் என்பது என்ன? உருபு இல்லாததால் சொற்களை எந்த முடிச்சில் கட்டுவது என்பதே வாசிப்பவரின் முடிவு. ராஜனும் ஒரு முடிவை எடுத்துக் காரணத்தோடு எழுதினார். அது அறிஞரின் வேலை.

பிறகு என்ன ஆயிற்று? 'தீயன்' என்ற ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சாதி வரலாறு எழுத ஒரு கூட்டம் கிளம்பியது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு என்று ஒருவரும், இல்லை அதற்குப் பிந்தியது என்று இன்னொருவரும் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வேறொரு கூட்டம். இன்னொரு கல்லின் மேல்பகுதி உடைந்து முதல் எழுத்துகள் போய்விட்டன. அந்த உடைந்த கல்லைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? உடைந்த கல்லால் யாருக்கும் பெருமை இல்லை, அதனால் அதற்கு வாசகரும் இல்லை.

பொருந்தல் கதையும் இதே மாதிரிதான். 2009, 2010-ல் ராஜன் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சார்பில் அங்கே அகழ்ந்தார். ஒரு ஈமக்குழியில் நாலுகால் ஜாடி நிறைய நெல், ஏறத்தாழ இரண்டு கிலோ. அதே குழியில் ஒரு பிரிமனை, அதில் கீறிய எழுத்து: வ, ய், ர. நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், கி.மு. 490 என்று வந்தது. நெல்லும் பிரிமனையும் ஒரே குழியில் ஒரே சமயத்தில் வைத்தவை என்றால் எழுத்துக்கும் அந்த வயது. ஒரே ஒரு காலக்கணிப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்றார் ஐராவதம் மகாதேவன். இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் எவ்வளவு நல்ல விவாதம் நடக்கலாம்! குழி பிற்காலத்தில் திறக்கப்பட்டதா, 'வய்ர' என்பது வைரமா ஆள்பெயரா, வஜ்ரம் என்ற வடசொல் பிராகிருதம் வழியாக நாக்கில் தேய்ந்து வந்ததா, அப்படி வந்திருந்தால் பழனி அடிவாரத்தில் அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது. கடைசிக் கேள்வி எவ்வளவு சுவாரசியமானது என்று பாருங்கள். வணிகப் பாதை, கல்மணி, கொங்கு நாட்டு ரத்தினக் கற்கள் எல்லாம் அதற்குள் இருக்கிறது. நமக்கு மிஞ்சியது 490 என்ற எண் மட்டும். மூன்று எழுத்து காணாமல் போய் மூன்று இலக்கம் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் கிரேக்கக் கல்வெட்டு ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'வெள்ளைக்காரன் எப்படிச் செய்கிறான் பார்' என்று சொல்வதற்காக அல்ல, அந்த வியாதி எனக்குக் கிடையாது. அவர்களும் நம்மைப் போலத் தவறு செய்தார்கள், நம்மைவிடப் பிடிவாதமாகவே செய்தார்கள். ஆனால் அந்தத் தவறு ஒருநாள் வெளியே வருவதற்கு வழி வைத்திருந்தார்கள்.

1815-ல் பெர்லின் அகாதெமியில் ஆகஸ்ட் ப்யோக் என்ற மொழியறிஞர் கிரேக்கக் கல்வெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். அது வளர்ந்து, பெயர் மாறி, இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. தொகுப்புகள் பெருகியபோது ஒரு தொல்லை. ஆளுக்கொரு குறியீடு. ஒருவர் போடும் அடைப்புக்குறிக்கு 'எழுத்து உடைந்துவிட்டது' என்று பொருள், இன்னொருவரின் அடைப்புக்குறிக்கு 'கல்தச்சன் விட்டுவிட்டான்' என்று பொருள். 1931-ல் ஹாலந்தின் லைடனில் கூடி ஒரு பொதுவழக்குக்கு வந்தார்கள். கல்லில் இல்லாமல் பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்தது சதுர அடைப்புக்குறிக்குள். எழுத்தின் ஒரு பகுதிதான் தெரிகிறது, வேறு எழுத்தாகவும் இருக்கலாம் என்றால் அந்த எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி.

தமிழனுக்குப் புள்ளி புதிதல்ல. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வைக்கச் சொன்னவர் தொல்காப்பியர். அது ஓசைக்கான புள்ளி. லைடன்காரர்களின் புள்ளி சந்தேகத்துக்கான புள்ளி. எழுத்துக்குக் கீழே ஒரு எறும்பு மாதிரி உட்கார்ந்திருக்கும். அச்சுக்கோப்பவனுக்குத் தலைவலி. ஆனால் ஒரு கிரேக்கக் கல்வெட்டுப் பதிப்பைத் திறந்தால் எத்தனை எறும்பு ஊர்கிறது என்று பார்த்தே இந்த ஆள் எதை உறுதியாகப் பார்த்தார், எதை ஆசையால் பார்த்தார் என்று சொல்லிவிடலாம்.

அடைப்புக்குறி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அடைப்புக்குறிக்குள் ஒருவர் ஊகித்து எழுதியதை அடுத்தவர் சான்றாக எடுத்து, அதன்மேல் மூன்றாமவர் வரலாறு கட்டினார்கள். எர்ன்ஸ்ட் பேடியன் என்ற வரலாற்றாசிரியர் 1989-ல் இதைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே 'சதுர அடைப்புக்குறிகளிலிருந்து வரலாறு'. அவர்களுக்குள்ளேயே ஒருவர் எழுந்து இப்படிக் கேட்க முடிந்தது என்றால், அடைப்புக்குறி அச்சில் இருந்தது என்பதால்தான். நம் ஆட்கள் அதையே அழித்துவிடுகிறார்கள், பிறகு எங்கே போய்க் கிண்டலடிப்பது?

எகெஸ்டா ஒப்பந்தக் கல் என்று ஒன்று ஏதென்ஸில் இருக்கிறது. சிசிலித் தீவின் எகெஸ்டா நகரத்தோடு ஏதென்ஸ் செய்த உடன்படிக்கை. தேதி தெரிய வேண்டுமானால் அந்த ஆண்டு ஆர்க்கோன் பதவியில் இருந்தவரின் பெயரை வாசிக்க வேண்டும். கல் தேய்ந்து, பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் தெளிவு: 'ஓன்'. ஹாப்ரோன் என்றால் கி.மு. 458. ஆன்டிஃபோன் என்றால் கி.மு. 418. நாற்பது வருஷ வித்தியாசம். அழிவில் முடிந்த சிசிலிப் படையெடுப்பை ஏதென்ஸ் தொடங்கியது 415-ல். ஒப்பந்தம் 418 என்றால் அந்தப் படையெடுப்புக்கு முன்கதை. 458 என்றால் பெரிக்ளீஸ் காலத்திலேயே ஏதென்ஸின் கண் மேற்கே போய்விட்டது என்று ஆகும். ஒரு பேரரசின் குணமே மாறுகிறது.

பெரும்பாலான அறிஞர்கள் முந்தைய தேதியில் அசையாமல் நின்றார்கள். ஆதாரம் எழுத்தின் வடிவம். அந்தக் கல்லில் சிக்மா எழுத்து மூன்று கோட்டால் ஆனது. மூன்று கோட்டுச் சிக்மா கி.மு. 446 வாக்கில் வழக்கொழிந்து நான்கு கோட்டுச் சிக்மா வந்துவிட்டது, ஆகவே கல் அதற்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும். இது விதி. ஹெரால்ட் மாட்டிங்லி என்ற ஆங்கிலேயர் 1961 முதல் தனி ஆளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்: அந்த விதிக்கு என்ன ஆதாரம், தேதி தெரிந்த கற்களை வைத்து விதி செய்தீர்கள், பிறகு விதியை வைத்துக் கற்களுக்குத் தேதி போடுகிறீர்கள். யாரும் காதில் வாங்கவில்லை. 1990-ல் மார்டிமர் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் கல்லில் லேசர் ஒளி பாய்ச்சி, படத்தைக் கணினியில் தெளிவாக்கி, ஆன்டிஃபோன் என்று வாசித்து வெளியிட்டார்கள். லேசரில் தெரிவது எழுத்தே இல்லை என்று மறுத்தவரும் உண்டு, சண்டை இன்னும் பல ஆண்டுகள் ஓடியது. இன்று பெரும்பாலோர் ஆன்டிஃபோனை ஏற்றுக்கொள்கிறார்கள். மாட்டிங்லி ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்திருந்தார்.

இதை ஏன் இவ்வளவு விரித்தேன் என்றால், நம் தமிழி எழுத்துகளுக்குப் போடும் காலமும் பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தையும் எழுதுமுறையையும் வைத்துத்தான். பானை ஓட்டுக்காவது மண்ணடுக்கு உண்டு, நெல் உண்டு, கரி உண்டு. குகைப்பாறைக்கு அதுவும் கிடையாது. அதனால் நம் காலக்கணிப்பு தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அது எந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே. அந்தக் கயிறு தெரியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்கிற தலைமுறையை வளர்த்துவைத்திருக்கிறோம்.

நம்மிடம் மரபு இல்லாமல் இல்லை. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியின் முதல் நூல் 1890-ல் ஹுல்ட்ஷ் பதிப்பித்து வந்தது. அந்தத் தொகுதிகளில் சிதைந்த எழுத்துக்குச் சதுர அடைப்பு உண்டு, பதிப்பாசிரியர் சேர்த்ததற்கு உடுக்குறி உண்டு. லைடனுக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே! முதல் மூன்று தொகுதிகளுக்கு மொழிபெயர்ப்பும் இருந்தது, பிறகு வெறும் மூலபாடம் என்று ஆகிவிட்டது. அந்த மூலபாடத்திலிருந்து ஒருவர் தமிழில் கட்டுரை எழுதும்போது உடுக்குறி உதிர்கிறது. கட்டுரை நாவலுக்குள் போகும்போது அடைப்புக்குறி உதிர்கிறது. அங்கிருந்து காணொளிக்குப் போகும்போது கல்வெட்டே உதிர்ந்து ராஜா மட்டும் குதிரையில் நிற்கிறார்.

ஒழுங்காகச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் இரண்டு பெயர் சொல்வேன். மதுரைப் பக்கத்துக் குகை எழுத்துகளை எந்த மொழி என்றே தெரியாமல் திண்டாடிய காலத்தில், 1924-ல் சென்னையில் நடந்த கீழைத்தேயவியல் மாநாட்டில், கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழ் என்று காட்டினார். ற, ன, ழ, ள என்று பிராகிருதத்துக்குத் தேவைப்படாத எழுத்துகள் அங்கே நின்றன. எழுதுமுறையும் வேறு. 'மகன்' என்று எழுத நினைத்தவன் கல்லில் கீறியது, அசோகன் கல்வெட்டு வாசித்த கண்ணுக்கு 'மாகான' என்று தெரியும். மெய் தனியாக நின்றால் அது மெய்தான், அதற்குள் அகரம் ஒளிந்திருக்கவில்லை என்ற முறை பிடிபட்ட பிறகே அந்தக் குகைகள் தமிழ் பேசின.

இரண்டாமவர் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரி. புகளூர்ச் சேரர் கல்வெட்டையும் மாங்குளத்து நெடுஞ்செழியனையும் 1965-ல் வாசித்துப் பெயர் பெற்றவர். 1966 கருத்தரங்கில் அதுவரை கிடைத்த தமிழி எழுத்துகளின் தொகுப்பைக் கொடுத்தார். அதோடு பெருமையாக உட்கார்ந்திருக்கலாம். 1990களில் அறுபது வயதுக்கு மேல் திரும்பவும் குகை குகையாக ஏறி, பாறையிலிருந்தே நேரடியாகப் படியெடுத்து, தன் பழைய வாசிப்புகளில் பலவற்றைத் தானே திருத்தி 2003-ல் பெரிய நூலாக வெளியிட்டார். மைப்படியும் கோட்டுருவமும் பக்கத்திலேயே இருக்கிறது. அவரோடு சண்டை போட விரும்புகிறவனுக்கு ஆயுதத்தையும் அவரே கொடுத்துவிட்டார். அவர் கணித்த காலங்களை ராஜன் மறுத்தது அந்த ஆயுதத்தை எடுத்துத்தான். இரண்டு பேரில் யார் சரி என்பதைவிட, இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துச் சண்டை போட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். 'நீங்க சந்தேகப் புள்ளி வெச்சுக்கிட்டு உட்காருங்க, டெல்லிக்காரன் அந்தப் புள்ளியையே புடிச்சு நம்ம வரலாற்றைக் குழி தோண்டிப் புதைப்பான்.' இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்கக் கீழடி அறிக்கையை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, 2025 மே மாதம் திருத்தித் தரச் சொன்னது இந்தியத் தொல்லியல் துறை. அவர் திருத்த மறுத்தார். இப்படி ஒரு துறை தலைக்கு மேல் இருக்கும்போது நம் ஆட்கள் சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டாலே கத்தியை எடுப்பது புரிகிறது. ஆனால் கல்லைப் பார்க்காமல் வருகிற சந்தேகம் வேறு, கல்லை மணிக்கணக்காகப் பார்த்ததால் வருகிற சந்தேகம் வேறு. முதல் வகைக்குப் பதில் இரண்டாம் வகையை மறைப்பது அல்ல. அறிக்கையை இருட்டில் வைத்தது டெல்லியின் குற்றம் என்றால், மைப்படியை இருட்டில் வைப்பதும் குற்றம். அது சென்னையில் இருந்தாலும், தஞ்சாவூரில் இருந்தாலும்.

மைப்படி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும் வரைக்கும் தூரிகையால் தட்டுவார்கள். பிறகு மேலே மை ஒற்றுவார்கள். குழி வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வரும். கிரேக்கக் கல்வெட்டுக்காரர்கள் மை ஒற்றாமல் தாளை அப்படியே உலரவிட்டு எடுப்பார்கள், பள்ளமேடு தாளிலேயே நிற்கும். நம் முறையில் படம் பளிச்சென்று வரும். ஆனால் மை ஒற்றுகிறவர் கை அழுத்தத்தில் மெல்லிய கீறல் மறைந்தும் போகலாம். அதாவது மைப்படியே ஒரு வாசிப்பு. அதனால்தான் ஒரு கல்லுக்குப் பல படிகளும் பல படங்களும் வெளியில் கிடக்க வேண்டும் என்கிறேன்.

1880களின் கடைசியிலிருந்து எடுத்த மைப்படிகள் ஆயிரமாயிரமாகச் சேர்ந்தன. அலுவலகம் ஊட்டியிலிருந்து 1966-ல் மைசூருக்குப் போனது, படிகளும் போயின. ஏராளமான கல்வெட்டுகளுக்கு ஆண்டறிக்கையில் வந்த ஓரிரு வரிச் சுருக்கத்தோடு சரி. முழுப் பாடம் அச்சு ஏறவில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டபோது ஊரே கொண்டாடியது. தாள் தமிழ் மண்ணுக்கு வருவது நல்லதுதான். ஆனால் பூட்டு மைசூரில் இருந்தால் என்ன, சென்னையில் இருந்தால் என்ன? கன்னடப் பூட்டா தமிழ்ப் பூட்டா என்பதா நம் பிரச்சனை?

சில வருஷம் முன்பு ஒரு கல்வெட்டின் படிக்காக ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை, மூன்றாவதாக ஃபோன் போட்டேன்.

'சார் நீங்க எந்த யூனிவர்சிட்டி?'

'யூனிவர்சிட்டி இல்லீங்க, பாச்சலூருங்க.'

'அப்புறம் உங்களுக்கு எதுக்கு சார் இது?'

எதுக்கு என்ற கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை, வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். பழனிக்கு மேற்கே ஐவர்மலை இருக்கிறது, பழைய பெயர் அயிரைமலை. அங்கே ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. சாந்திவீரக் குரவர் என்ற சமண முனிவர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, பூசைக்கும் ஓர் அடியவருக்குச் சோற்றுக்கும் 505 காணம் பொன் கொடுத்த செய்தி. இதில் தொன்மைப் பெருமை ஒன்றும் கிடையாது, 9-ஆம் நூற்றாண்டுதான். ஆனால் தொடக்கத்தில் சக ஆண்டு 792 என்றும், அது வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் சேர்த்து எழுதிவிட்டார்கள். சகம் 792 என்றால் கி.பி. 870. எட்டைக் கழித்தால் அவன் பட்டத்துக்கு வந்தது 862 வாக்கில். முற்காலப் பாண்டியர் காலவரிசைக்கு அடித்த ஆணிகளில் இது ஒன்று. ஒரு முனிவருக்குச் சோறு போட்ட கணக்கிலிருந்து ஒரு அரச வம்சத்தின் நாள்காட்டி கிடைக்கிறது. வெளிவராத பாடங்களுக்குள் இப்படி எத்தனை ஆணி கிடக்கிறதோ, அதற்குத்தான் சார் எனக்கு அது.

2025 ஜனவரியில் சிந்துவெளி எழுத்தை வாசிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. வாசிக்கவே முடியாத எழுத்துக்குப் பரிசு. வாசிக்கத் தெரிந்த எழுத்து, வாசிக்கத் தெரிந்த மொழி, படியும் எடுத்தாயிற்று, பதிப்பிக்க ஆளும் பணமும் இல்லாமல் கிடக்கிறது. ஒய். சுப்பராயலு போன்றவர்கள் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி செய்தார்கள், நொபொரு கராஷிமாவோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களைக் கணினியில் ஏற்றி 1978-லேயே அடைவு வெளியிட்டார்கள். ஜப்பான் பணம், தமிழ்க் கை. தஞ்சையிலிருந்து 'ஆவணம்' இதழ் 1991 முதல் புதிய கல்வெட்டுகளைச் சத்தமில்லாமல் பதிப்பிக்கிறது. 2019-ல் ஐரோப்பிய ஆராய்ச்சி நிதியில் தொடங்கிய 'தர்மா' திட்டம், கிரேக்க லத்தீன் கல்வெட்டுகளுக்காக உருவான கணினிக் குறியீட்டு முறையிலேயே தமிழ்க் கல்வெட்டுகளையும் அடைப்புக்குறி சகிதம் இலவசமாக ஏற்றுகிறது. டெல்லி 2023 பட்ஜெட்டில் ஒரு லட்சம் கல்வெட்டை மின்னணு ஆக்குவோம் என்று பெயரெல்லாம் வைத்து அறிவித்தது. நல்லது. எனக்குத் தேவை பெயர் இல்லை. பாச்சலூரில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று, ஐவர்மலை என்று அடித்தால், படமும் பாடமும், சந்தேகமான எழுத்துக்கு அடியில் புள்ளியும் வர வேண்டும். ஏதென்ஸ் கல்லுக்கு இதை இன்றே செய்யலாம், செய்து பார்த்திருக்கிறேன். ஆங்கில மொழிபெயர்ப்போடு வருகிறது. எகெஸ்டா எனக்கு எட்டுகிறது, ஐவர்மலை எட்டவில்லை. பஸ்ஸில் போனால் அரை நாள்.

இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்க் கல்வெட்டு தேடுவதைக் கிண்டலடிக்கும் பேராசிரியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அரிட்டாபட்டிச் சுற்றுவட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மக்கள் திரண்டு நின்று 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்தார்கள். அவர்கள் பேச்சில் மலையின் தமிழிக் கல்வெட்டும் இருந்தது. கல்வெட்டை ஊர்க்காரன் தன்னுடையது என்று நினைத்தால்தான் அது மிஞ்சும். ஆனால் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்போ பெயின்ட்டோ பூசிப் படம் எடுப்பது கல்லுக்கும் கேடு, அதோடு நீங்கள் வாசித்ததை அடுத்தவன் கண்ணில் திணிப்பது. சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் ஒரு டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் தெரியாத கீறல் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். நாலு பக்கத்திலிருந்தும் நாலு படம். ஒரு ரூபாய் செலவில்லை.

போன வருஷம் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாறை ஒன்று 'பாச்சலூர் மலையில் 3500 ஆண்டுத் தமிழி' என்று வாட்ஸாப்பில் வந்தது. சுண்ணாம்பில் தீட்டிய கூட்டல் குறி. தமிழியில் அது 'க'. பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு. நாங்கள் மூன்று பேர் பொழுது சாய்ந்து டார்ச்சோடு போனோம். குறுக்குக் கோடு பாறை முழுக்க ஓடுகிற விரிசல், சுண்ணாம்பு அடித்தவர் அதில் ஒரு சாண் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். நெட்டுக் கோடு வழவழப்பான பள்ளம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, 'என்ன தம்பி தேடுறீங்க? அது எங்க அப்பா காலத்துல இருந்து அருவா தீட்டுற கல்லுல்ல' என்றார். நாலு பக்கமும் படம் எடுத்து, அளவுகோல் வைத்து, இது எழுத்து இல்லை என்று எழுதி அதே குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், ஒருவர் தமிழ்த் துரோகி என்றார். சுண்ணாம்பு அடித்த படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் எடுத்தவை என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். எந்த யூனிவர்சிட்டி என்று கேட்கமாட்டேன்.